பிரசவத்துக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் வரும் ஒன்பது மாதத்துக்கும்

போன வாரம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வளைகாப்பு. ஊரிலிருந்து வந்து டர்பனில் வேலை பார்க்கிற குடும்பம். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணின் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இவளுக்கும் உங்களுக்கு இருக்கிற அதே லாங் க்யூ.டி.தான்க்கா, நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன்" என்றாள். லாங் க்யூ.டி. என்பது ஒரு இதயத் துடிப்புக் கோளாறு. ராத்திரி எழுத உட்கார்ந்தேன், ஒரு பேப்பரில் அடங்கவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், இன்னும் நாலு பேருக்கு உதவும்.

நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை விஷயமெல்லாம் உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நான் சொல்வது எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதைத்தான்.

எனக்கு இருப்பது லாங் க்யூ.டி. இரண்டாம் வகை. இதயத்தின் வடிவத்தில் குறை எதுவும் கிடையாது, வால்வு நன்றாக இருக்கிறது, அடைப்பு இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை மறுபடி மின்சாரம் ஏற்றிக்கொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும் அல்லவா, அந்தத் தயாராகும் நேரம் எனக்கு அதிகம். இ.சி.ஜி. தாளில் க்யூ என்கிற சின்னப் பள்ளத்தில் ஆரம்பித்து டி என்கிற மேடு முடிகிற வரைக்கும் அளப்பார்கள். நாடித் துடிப்புக்கு ஏற்பத் திருத்திக் கணக்குப் போட்டால் பெண்களுக்கு 460 மில்லி விநாடி வரை பரவாயில்லை, 500-ஐத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. எனக்கு முதல் தடவை எடுத்தபோது 492. அந்த நீண்ட இடைவெளிக்குள் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து விழுந்தால் கீழறைகள் தறிகெட்டு ஓட ஆரம்பிக்கும், மூளைக்கு ரத்தம் போகாது, நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவோம். பெரும்பாலும் சில விநாடிகளில் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் உயிர் போய்விடும்.

முதல் வகைக்காரர்களுக்கு ஓடுவதும் நீந்துவதும் ஆகாது, மூன்றாம் வகைக்குத் தூக்கத்தில் வரும். எங்கள் இரண்டாம் வகைக்குத் திடுக்கிடல்தான் எதிரி. அலாரம், போன் மணி, தூங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவை அறைந்து சாத்துவது.

பதினேழு வயதில் திருச்சியில், ப்ளஸ் டூ பரீட்சை நேரம், விடியற்காலை நாலு மணிக்கு வைத்த அலாரம் அடித்ததும் எழுந்து உட்கார்ந்தேன், அடுத்து எனக்குத் தெரிந்தது அம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததுதான். கை கால் வெட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் வலிப்பு என்று முடிவாகிவிட்டது. இ.சி.ஜி. யாரும் எடுக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் வலிப்பு மாத்திரை சாப்பிட்டேன், சமயபுரத்துக்கு வேண்டுதலும் நடந்தது, விழுவது மட்டும் நிற்கவில்லை. கல்யாணமாகி டர்பன் வந்து, 2019-ல் இங்கே ஒரு குடும்ப டாக்டர்தான் "எத்தனை தடவை விழுந்தீர்கள்" என்பதை விட்டுவிட்டு "விழுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது" என்று கேட்டார். அலாரம், போன், போன், காலிங் பெல் என்று நான் சொல்லச் சொல்ல அவரே இ.சி.ஜி. மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். வலிப்பு என்று பெயர் வாங்கி மாத்திரை சாப்பிடுகிற, திடீர்ச் சத்தத்துக்கு விழுகிற பெண் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

இந்த நாட்டிலேயே இந்த நோய் தலைமுறை தலைமுறையாக ஓடுகிற குடும்பங்கள் இருக்கின்றன என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆப்பிரிக்கானர் என்கிற டச்சு வம்சாவளி வெள்ளையர் குடும்பங்கள் பலவற்றில் கே.சி.என்.க்யூ.1 என்ற மரபணுவில் ஒரே மாதிரி பிழை இருக்கிறது, எல்லாம் முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரே மூதாதையரிடமிருந்து வந்தது. அது முதல் வகை, எனக்கு இருப்பது கே.சி.என்.ஹெச்.2. ஆனாலும் கிளினிக்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் வீட்டில் செத்தவர்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னதைக் கேட்டபோது, எங்கள் வீட்டுக் கதையைக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

எங்கள் வீட்டுக் கதை அத்தை. அப்பாவின் தங்கை. இருபத்து நாலு வயதில், முதல் பிள்ளை பெற்று மூன்றாம் மாதம், மத்தியானம் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் தடாலென்று எழுந்து உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டார். காற்று கருப்பு என்றார்கள், பிள்ளை பெத்த உடம்பு பலவீனம் என்றார்கள். அப்பாவுக்கும் அதே மரபணு என்று ரத்தப் பரிசோதனையில் வந்தபிறகுதான் அத்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஓரளவு புரிந்தது. இதை நான் சொன்னதும் என் இதய மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனையாவது மாதம் என்றீர்கள்?"

லாங் க்யூ.டி. உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலம் பெரும்பாலும் நல்லபடியாகவே போகிறது. இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிப்பதால் அந்த இடைவெளி சுருங்குகிறது என்கிறார்கள். ஆபத்து கூடுவது பிள்ளை பிறந்து ஒன்பது மாதம் வரை. 2007-ல் வந்த ஒரு ஆய்வில் 391 தாய்மார்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒன்பது மாதத்தில் மயக்கமோ அதைவிட மோசமானதோ வரும் வாய்ப்பு கர்ப்பத்துக்கு முன்னால் இருந்ததைப் போல 2.7 மடங்கு, அதிலும் இரண்டாம் வகைக்காரர்களுக்கு இன்னும் கூடுதல். ஒன்பது மாதம் கழிந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அட்ரினலினின் வேகம் இதயத்தைத் தாக்காமல் தடுக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையை விடாமல் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து நன்றாகக் குறைந்திருக்கிறது. பிரசவ நாளுக்காக எல்லோரும் ஓடியாடித் திட்டம் போடுகிறோம். பிள்ளை கைக்கு வந்த பிறகு தாயை யார் கவனிக்கிறார்கள்? தூக்கம் கெட்டு, வேளைக்குச் சாப்பிடாமல், ராத்திரி நாலு தடவை அழுகைச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுகிற அந்த மாதங்கள்தான் எங்களுக்குப் பொல்லாதவை. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

கர்ப்பம் தரிப்பதற்கு ஆறு மாதம் முன்பே மருத்துவரிடம் போய், பிள்ளை வேண்டும் என்று சொல்லிவிட்டோம். அப்போது நான் அட்டெனலால் என்ற பீட்டா பிளாக்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது வயிற்றில் இருக்கும் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கலாம், தாய்ப்பாலிலும் அதிகம் கலக்கும், லாங் க்யூ.டி.க்கு அவ்வளவு பலமான மருந்தும் இல்லை என்று அதே வகையைச் சேர்ந்த ப்ரொப்ரனலாலுக்கு மாற்றினார். மாற்றிய பிறகு இருபத்து நாலு மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டர் மானிட்டர் ஒன்றும் மாட்டிப் பார்த்தார். இரண்டு கோடு தெரிந்த பிறகு பயத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதையும் அப்போதே சொன்னார். அன்றைக்கு நானும் என் கணவரும் வீட்டுக்குப் போகாமல் பெல்லேர் ரோடு அம்பலவாணர் கோவிலில் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அவர்தான், "தெரிஞ்சே பெத்துக்கலாம், தெரிஞ்சா பாத்துக்கலாம்" என்றார்.

2023 பிப்ரவரியில் கருவுற்றேன். மார்ச் மாதப் புழுக்கத்தில் வாந்தி ஆரம்பித்தது, தண்ணீர்கூட நிற்கவில்லை. ஒரு ராத்திரி அவசரப் பிரிவுக்குப் போனோம், எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. உள்ளே வரும்போதே எனக்கு லாங் க்யூ.டி. என்று சொன்னேன், பதிவேட்டிலும் எழுதினார்கள். பத்து நிமிஷம் கழித்து சிஸ்டர் ஒருவர் ஊசியோடு வந்து கையில் இருந்த குழாயில் பொருத்தினார். என்ன மருந்து என்று கேட்டேன். ஒண்டான்செட்ரான். வாந்திக்குக் கொடுக்கிற சாதாரண மருந்துதான், ஆனால் க்யூ.டி.யை நீட்டும். நான் இடது கையால் அந்தக் குழாயை மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ப்ளீஸ், வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லும்போதே இன்னொரு வாந்தி வருகிறது, கை நழுவிவிடுமோ என்று பயம். டாக்டர் வந்து போனில் தேடிப் பார்த்துவிட்டு ஊசியை எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் பொட்டாசியம் 3.1 என்று வந்தது. எங்களுக்கு 4-க்குக் கீழே இறங்கவே கூடாது. அந்த நிலையில் அந்த ஊசியும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது பேரைப் பார்க்கிறவர். நோயின் பெயர் பதிவேட்டில் இருந்தது, ஆனால் மருந்து எழுதுகிற இடத்தில் இல்லை, அதுதான் கோளாறு.

மறுநாளே என் கணவர் ஒரு தாள் தயார் செய்தார். ஒரே பக்கம், பெரிய எழுத்து, லாமினேட் போட்டு நாலு பிரதி. ஒன்று என் கைப்பையில், ஒன்று மகப்பேறு அட்டையோடு தைத்து, ஒன்று காரில், ஒன்று சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம். மேலே நோயின் பெயரும் என் க்யூ.டி. அளவும். அடுத்து கொடுக்கக் கூடாதவை: ஒண்டான்செட்ரான், மெட்டோக்ளோப்ரமைடு, எரித்ரோமைசின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல் (கர்ப்பத்தில் அரிப்புக்கென்று இதைச் சுலபமாக எழுதிவிடுவார்கள்), குளோரோக்வின், குயினின், காலத்துக்கு முந்தி வருகிற பிரசவ வலியை நிறுத்தக் கொடுக்கிற டெர்பியூட்டலின், சல்பியூட்டமால். மலேரியா மருந்து டர்பனில் எதற்கு என்று தோன்றும், மலேரியா இருக்கிற லிம்போப்போ பக்கமோ மொசாம்பிக்கோ போகிற குடும்பம் என்றால் தேவைப்படும். கீழே, துடிப்பு தறிகெட்டால் மெக்னீசியம் சல்ஃபேட், மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குகிற டிஃபிப்ரிலேட்டர் என்று. எந்த மருந்து ஆகாது என்பதற்கு கிரெடிபிள்மெட்ஸ் என்ற இணையதளம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அது மாறிக்கொண்டே இருக்கும், எந்தப் புது மருந்தானாலும் அதில் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன், இன்றைக்கு வரைக்கும்.

முப்பத்திரண்டாவது வாரத்தில் இதய மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர் நாலு பேரையும் ஒரே நேரத்தில் பேச வைத்தோம், இரண்டு பேர் நேரில், இரண்டு பேர் போனில். அதில் முக்கியமானவர் மயக்க மருத்துவர், வலியெடுத்து ஓடும்போது முதல் தடவையாக அவரைப் பார்க்கிற நிலைமை வரவே கூடாது. இங்கே தனியார் மருத்துவமனைகளில் பத்துப் பிரசவத்தில் ஏழுக்கு மேல் சிசேரியன், எனக்கும் அதுதான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லாங் க்யூ.டி. என்ற ஒரே காரணத்துக்காகக் கத்தி வைக்க வேண்டியதில்லை என்று மகப்பேறு மருத்துவர் சொன்னார். வலி அதிகமானால் அட்ரினலின் ஏறும், அது எங்களுக்கு ஆகாது, அதனால் சீக்கிரமே முதுகில் வலி மரத்துப்போக எபிடியூரல் ஊசி போட்டுவிடுவது, அதைச் சோதிக்கிற முதல் டோஸில் அட்ரினலின் கலக்காமல் இருப்பது, கடைசிக் கட்டத்தில் ரொம்ப நேரம் முக்க விடாமல் வாக்யூம் வைத்து எடுத்துவிடுவது, பிள்ளை வந்ததும் கொடுக்கிற ஆக்சிடோசினை ஒரேயடியாக ஊசியில் ஏற்றாமல் டிரிப்பில் மெதுவாக விடுவது, என் மாத்திரையை வலியின் நடுவிலும் வேளை தவறாமல் கொடுப்பது என்று முடிவாயிற்று. அறையில் எல்லோருடைய போனும் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பதை நானே எழுதச் சொன்னேன்.

தனியார் காப்பீடு இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். இந்த நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவம் 1994-லிருந்து இலவசம். உள்ளூர் கிளினிக்கில் முதல் வருகையிலேயே இதயத் துடிப்புக் கோளாறு என்று அழுத்திச் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். டர்பனில் காட்டோ மேனரில் இருக்கிற இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனைக்கு நேராகப் போக முடியாது, கடிதம் வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பிரசவம் முப்பத்தெட்டாவது வாரத்தில், திட்டம் போட்டபடியே நடந்தது. பதினோரு மணி நேரம். இ.சி.ஜி. மானிட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டர் பேடுகளை முன்கூட்டியே ஒட்டிவிட்டார்கள், தேவைப்படவில்லை. பெண் குழந்தை. நான் சாப்பிட்ட மாத்திரையால் அவளுக்குச் சர்க்கரை இறங்கலாம், துடிப்பு மெதுவாகலாம் என்று குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். இரண்டு நாள் என்னை மானிட்டரிலேயே வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அசல் வேலை. எங்கள் வீட்டில் எத்தனை சத்தம் என்று அதுவரைக்கும் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இங்கே பல வீடுகளில் திருட்டுக்குப் பயந்து சைரன் வைத்த அலாரம் உண்டு, அப்போது லோட்ஷெட்டிங் என்கிற முறை வைத்த மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது சில சமயம் அது தானாக அலறியது. அதன் சைரனைக் கழற்றி, கணவர் போனுக்கு மட்டும் செய்தி வருகிற மாதிரி மாற்றினோம். காலிங் பெல்லைப் பிடுங்கினோம். குக்கர் விசிலை அம்மா கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார், திருச்சியிலிருந்து மூன்று மாதம் வந்து இருந்த அம்மா அந்த மூன்று மாதமும் பானையில் வடித்த சோறுதான் போட்டார். கணவருடைய பாட்டிக்கு எண்பத்தாறு வயது, நாங்கள் எல்லோரும் ஆயா என்று கூப்பிடுவோம், காது மந்தம் என்பதால் டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பார். விஷயத்தைச் சொன்னதும், "புள்ள தூங்கட்டும், எனக்குப் படம் பாத்தா போதும்" என்று ஒன்பது மாதமும் சத்தத்தை மூடியே வைத்துப் பார்த்தார்.

ராத்திரி ஏற்பாடு இப்படி. குழந்தை கணவர் பக்கத்தில், நான் அடுத்த அறையில், கதவு சாத்தி. அவள் சிணுங்க ஆரம்பிக்கும்போதே அவர் எழுந்து துணி மாற்றி, பிறகு என் அறைக்கு வந்து காலடியில் உட்கார்ந்து கட்டைவிரலை மெதுவாக அமுக்குவார். பேச மாட்டார், விளக்கு போட மாட்டார். அமுக்கி, விட்டு, அமுக்கி, நான் கண் விழித்துப் பார்க்கிற வரைக்கும். விழித்து ஒரு நிமிஷம் அப்படியே கிடந்துவிட்டுத்தான் உட்காருவேன், அப்புறம்தான் பிள்ளையைக் கொண்டு வந்து மடியில் வைப்பார். ஒரு வேளைக்குக் கறந்து வைத்த பால், அதனால் எனக்கு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம். காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து, மூன்று வேளை மாத்திரையையும் அம்மாவே கையில் கொண்டு வந்து கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் நிற்பார். ப்ரொப்ரனலால் பாலில் ரொம்பக் கொஞ்சமாகத்தான் கலக்கும், அதனால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டி வரவில்லை.

இரண்டு இடத்தில் சறுக்கப் பார்த்தோம். அம்மா ஊரிலிருந்து கொண்டு வந்த பிரசவ லேகியத்தில் அதிமதுரம் இருந்தது. அதிமதுரம் அதிகமாகச் சேர்ந்தால் உடம்பில் பொட்டாசியத்தை இறக்கிவிடும். லேகியம் வேண்டாம் என்றதும் அம்மாவுக்கு முகம் வாடிப்போனது, நாற்பது நாள் கிளறிக் கிளறிப் பக்குவம் பார்த்தவர். பூண்டு, கருப்பட்டி, சுக்கு எல்லாம் சாப்பிடுகிறேன், அது மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். இரண்டாவது, பால் குறைவாக இருக்கிறது என்று புலம்பியபோது ஒருவர் சல்பிரைட் எழுதிக் கொடுத்தார். இந்த நாட்டில் பால் சுரக்க இந்த மாத்திரையை எழுதுவது ரொம்பச் சகஜம், நம் ஊரில் டோம்பெரிடோன். இரண்டுமே க்யூ.டி.யை நீட்டும், இரண்டுமே எங்களுக்கு ஆகாது. அந்தத் தாளில் அப்போது இவை இல்லை. பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.

பிள்ளை பிறந்து பதினாறாம் நாள் தீபாவளி. சாட்ஸ்வொர்த்தில் தீபாவளி என்றால் தெருவுக்குத் தெரு வெடி. மத்தியானமே மூட்டை கட்டி ஹில்க்ரெஸ்டில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். ஒரு குத்துவிளக்கு, அதிரசம், தூரத்தில் எங்கோ புகை. அத்தை நினைவு வந்து அன்றைக்கு நிறைய அழுதேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எல்லோரும், நாத்தனாரின் பதினான்கு வயது மகன் உட்பட, நெஞ்சை அமுக்கி உயிர் காக்கிற முதலுதவியை ஒரு சனிக்கிழமை போய்க் கற்றுக்கொண்டார்கள். அரசு ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112. இந்த இரண்டு எண்ணும் தாளின் அடியில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அந்த ஒன்பது மாதத்தில் தாய் தனியாக இருக்கிற நேரத்தைக் குறையுங்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்த பரிசோதனை முடிவு ஏழாவது வாரம் வந்தது. அவளுக்கும் இருக்கிறது. முதல் இரண்டு நாள் என்னால் யாரிடமும் பேச முடியவில்லை. அப்புறம் குழந்தை மருத்துவர் ப்ரொப்ரனலால் சிரப் ஆரம்பித்து, எடை கூடக் கூட அளவை மாற்றிக்கொண்டு வருகிறார். பசியோடு கொடுத்தால் சர்க்கரை இறங்கும் என்பதால் பால் குடித்த பிறகுதான் கொடுப்போம், வாந்தி பேதி என்றால் உடனே போன் செய்வோம். நான் பத்து வருஷம் தப்பான மாத்திரை சாப்பிட்டேன், இவளுக்கு ஏழாவது வாரத்திலேயே சரியான மருந்து. அலமாரிக் கதவில் இருக்கிற தாளில் இப்போது இரண்டு பேர் பெயர்.

இப்போது அவளுக்கு ஒன்றரை வயது, வியாழக்கிழமை அடுத்த இ.சி.ஜி. போன தடவை நெஞ்சில் ஒட்டிய பத்துப் பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிய்த்து சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் ஒட்ட விட என்ன செய்யலாம் என்று இந்த வயதுப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வளைகாப்புப் பெண்ணுக்கு இன்றைக்கு அந்தத் தாளின் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், வேறு யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்புகிறேன்.